நாத்தனார் தராத கொப்பு

போன மாதம் கோவைக்கு, நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் பப்பாளி, கொய்யா, செம்பருத்தி எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி.

"எல்லாம் ஒண்ணுதானே?" என்றேன்.

"இல்லே அண்ணி, பாருங்க" என்று ஈர்க்குச்சியால் நசுக்கிக் காட்டினாள். பப்பாளியில் இருந்தது மஞ்சள்; செம்பருத்தியில் இளஞ்சிவப்பு. கொய்யாப் பூச்சிக்கோ முதுகில் இரண்டு கறுப்புக் கோடு, பின்னால் நீளமாக இரண்டு வால்!

பப்பாளிப் பூச்சி மெக்சிகோக்காரி. 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டித் தோட்டம் தோட்டமாக அழித்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட, கொசுவைவிடச் சின்னக் குளவிகள்தாம் அதை அடக்கின. மருந்தடித்தால் குளவியும் சாகும் என்று நாத்தனார் வெறும் தண்ணீரைத்தான் பீய்ச்சுகிறாள்.

செம்பருத்திக் கொப்பு கேட்டேன். "பூச்சியும் கூடவே வரும்" என்று மறுத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். மாவுப்பூச்சியின் தேன்கழிவுக்கு எறும்பு வரும் என்றும் சொல்லியிருந்தாள். ஊர் திரும்பிப் பார்க்கிறேன், என் செம்பருத்தித் தொட்டியில் எறும்பு வரிசை!