மட்டம் பார்க்கலாம் வாங்க!



"மட்டம்" என்ற சொல்லைக் கேட்டா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஸ்கூலுக்கு மட்டம் போடுறதுதான். அடுத்தது, ஒருத்தரை மட்டம் தட்டிப் பேசுறது. ஆனா எங்க வீட்டுல இந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம். எங்க அப்பா டைல்ஸ் ஒட்டுற கொத்தனார். அம்மா அவர் கூடவே வேலைக்குப் போற சித்தாள். ராத்திரி சாப்பிடும்போதுகூட "இன்னைக்கு அந்த ரூம்ல மட்டமே நிக்கலை" என்றுதான் பேச்சு ஓடும். அதனால இந்தத் தடவை சுவர்ப் பத்திரிகைக்கு டைல்ஸ் நடுவுல வைக்கிற சின்னச் சின்ன பிளாஸ்டிக் சாமான்களைப் பத்தி எழுதலாம்னு நினைச்சேன். இதுல என்ன இருக்குன்னு சிரிக்காதீங்க. அந்தச் சாமானால எங்க வீட்டுல ஒரு விஷயம் நடந்தது. அதையும் சொல்றேன்.

தரைக்கு என்ன கஷ்டம்?

டைல்ஸ் தரையில வெறுங்காலோட நடக்கும்போது கட்டை விரல் எங்கயாவது தட்டியிருக்கா? பக்கத்து பக்கத்து டைல்ஸ்ல ஒண்ணு கொஞ்சம் மேல, ஒண்ணு கொஞ்சம் கீழ இருந்தா அப்படித்தான் தட்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா காலுக்குத் தெரிஞ்சிடும். தூக்கி நிக்கிற ஓரத்துல கட்டிலோ கிரைண்டரோ இழுத்தா அந்த ஓரம் பேந்துடும். வயசானவங்க கால் தேய்ச்சு நடப்பாங்க, அவங்களுக்கு அது ஆபத்து.

இன்னொரு கஷ்டம் இடைவெளி. ஒவ்வொரு டைல்ஸும் அரை மில்லிமீட்டர் விலகுதுன்னு வச்சுக்கங்க. 20 டைல்ஸ் வச்சு முடிக்கும்போது ஒரு சென்டிமீட்டர் விலகியிருக்கும். கோடு கோணலாப் போயிடும். அப்ப இடைவெளியே விடாம ஒட்டி ஒட்டி வச்சா என்னன்னு நான் அப்பாகிட்ட கேட்டேன். "வெயில்ல டைல்ஸும் தளமும் விரியும் பாப்பா. விரிய இடம் இல்லைன்னா ஒண்ண ஒண்ணு நெருக்கி, திடீர்னு ரெண்டு டைல்ஸ் கூரை மாதிரி கிளம்பி நிக்கும்" என்றார். தண்டவாளத்துல இடைவெளி விடுறதைப் பத்தி அறிவியல் பாடத்துல படிச்சோமே, அதே கதைதான் இது.

பழைய மட்டங்கள்

அப்பா பையில இருக்கிற சாமான்களைப் பார்த்தா பாதி கணக்குப் பாடம், பாதி அறிவியல் பாடம்.

முதல்ல டியூப் மட்டம். தண்ணி ஊத்தின நீளமான டியூப். ஒரு முனையை இந்தச் சுவத்துலயும் இன்னொரு முனையை அந்தச் சுவத்துலயும் பிடிச்சா ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே உயரத்துல நிக்கும். நடுவுல காத்துக் குமிழி இருந்தா கணக்கு தப்பிடும். அதனால அம்மா டியூபைச் சுண்டிச் சுண்டி குமிழியை வெளியே விரட்டுவாங்க.

அடுத்து ரசமட்டம். பேர்ல ரசம் இருந்தாலும் உள்ள இருக்கிறது பாதரசம் இல்லை, ஸ்பிரிட் மாதிரி ஒரு திரவம். அதுல ஒரு குமிழி. குமிழி ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா மட்டம். இதை 1661 வாக்குல பிரான்ஸ் நாட்டு அறிஞர் மெல்கிசெதெக் தெவனோ கண்டுபிடிச்சாராம். அவ்வளவு பழைய சாமான் இன்னைக்கும் எங்க அப்பா பையில இருக்கு.

மூலை சரியா இருக்கான்னு பார்க்க ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே நாடாவை வைப்பார். 5 அடி வந்தா செங்கோணம். நாம பித்தாகரஸ் தேற்றம்னு படிச்சது அதுதான். அப்பா ஆறாவதோட நின்னவர். பித்தாகரஸ் பேர் அவருக்குத் தெரியாது. ஆனா அந்தக் கணக்கை தினமும் போடுறார்.

இதுக்கெல்லாம் மேல மட்டப்பலகை, நூல், ரப்பர் சுத்தியல். டைல்ஸைக் கலவை மேல வச்சு, ரப்பர் சுத்தியலால டொக் டொக்னு தட்டி, பலகை வச்சுப் பார்த்து, மறுபடி தட்டி... இதுதான் நிஜமான மட்டம் தட்டுறது. இதுக்குக் கையும் கண்ணும் பழகணும், வருஷக் கணக்காகும்.

பிளஸ்ஸும் ஆப்பும்

இப்ப புதுச் சாமான்களுக்கு வர்றேன்.

ஒண்ணு ஸ்பேசர். கூட்டல் குறி மாதிரி இருக்கும் குட்டி பிளாஸ்டிக். நாலு டைல்ஸ் சந்திக்கிற மூலையில வச்சா நாலு பக்கமும் ஒரே இடைவெளி. மூணு டைல்ஸ் சந்திக்கிற இடத்துக்கு டி எழுத்து மாதிரி ஒண்ணு இருக்கு. 1 மி.மீ., 2 மி.மீ., 3 மி.மீ., 5 மி.மீ. என்று பல கனத்துல கிடைக்கும். ஸ்பேசர் இடைவெளியை மட்டும்தான் பார்த்துக்கும். உயரத்தைப் பார்த்துக்காது.

உயரத்தைப் பார்த்துக்க வந்ததுதான் கிளிப்பும் ஆப்பும். கிளிப்போட அடிப்பாகம் தட்டையா இருக்கும். அது ரெண்டு டைல்ஸோட ஓரத்துக்கும் அடியில போயிடும். நடுவுல ஒரு மெல்லிய தண்டு, டைல்ஸ் இடுக்கு வழியா மேல நீட்டிக்கிட்டு நிக்கும். தண்டுல ஜன்னல் மாதிரி ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள ஆப்பைச் சொருகித் தள்ளணும். ஆப்பு ஒரு பக்கம் மெலிசு, ஒரு பக்கம் தடிமன். உள்ள போகப் போக டைல்ஸை மேலேர்ந்து அமுக்கும், கிளிப் அடியிலேர்ந்து தூக்கும். ரெண்டு டைல்ஸும் ஒரே மட்டத்துக்கு வந்தே ஆகணும். ஆப்புல பல்லு பல்லா இருக்கிறதால பின்னாடி வழுக்காது. கிளிப் தண்டோட கனமே இடைவெளியையும் கொடுத்திடும். "அவன் எனக்கு ஆப்பு வச்சுட்டான்"னு நாம கெட்ட அர்த்தத்துல சொல்றோம். இது நல்ல ஆப்பு!

அடுத்த நாள் பசை நல்லா இறுகினதும், கோடு போற திசையிலயே ரப்பர் சுத்தியலால ஒரு தட்டு, இல்லைன்னா செருப்புக் காலால ஒரு உதை. கிளிப்போட கழுத்து டைல்ஸ் மட்டத்துக்குக் கீழயே 'டிக்'னு ஒடிஞ்சிடும். அடிப்பாகம் உள்ளேயே தங்கிடும். ஒடிஞ்ச தலை குப்பைக்கு. ஆப்பை மட்டும் பொறுக்கி வச்சு அடுத்த வேலைக்குப் பயன்படுத்தலாம்.

ஆனா இது மந்திரம் இல்லை. டைல்ஸுக்கு அடியில பசை நிறையாம பொக்கையா இருந்தாலும், கிளிப் மேல பார்க்க மட்டமா நிறுத்திடும். வீட்டுக்காரங்க சந்தோஷப்படுவாங்க. அப்புறம் ஒரு நாள் கனமான சாமான் விழுந்தா அந்த இடம் விரிசல் விடும். பாத்ரூமுக்கும் இது யோசிச்சுத்தான் வைக்கணும். அங்க மட்டம் வேண்டாம், வாட்டம்தான் வேணும். தண்ணி ஓட்டைப் பக்கம் ஓடணும் இல்லையா?

அம்மா வச்ச வரிசை

போன மே மாச லீவுல அப்பாவும் அம்மாவும் ஒரு மேஸ்திரிகிட்ட வேலை பார்த்தாங்க. ஒரு புது வீட்டு ஹால். ரெண்டுக்கு ரெண்டு அடி டைல்ஸ், பெட்டி மேல குஜராத் மோர்பின்னு போட்டிருந்தது. அந்த வீட்டு இன்ஜினியர் கிளிப்பும் ஆப்பும் வாங்கிக் கொடுத்திருந்தார். அப்பாவுக்குப் பிடிக்கலை. "முப்பது வருஷமா என் கைதான் மட்டம். இந்தப் பிளாஸ்டிக் என்ன எனக்குச் சொல்லித் தர்றது?" என்றார். ஆனாலும் வேலை செஞ்சார்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு. கூட இருந்த இன்னொரு கொத்தனார் காய்ச்சல்னு வரலை. நான் மத்தியானச் சாப்பாடு எடுத்துட்டுப் போனப்ப இன்னும் மூணு வரிசை பாக்கி. அப்பதான் அம்மா கேட்டாங்க.

"ஏங்க, அந்த வரிசைய நான் வைக்கட்டுமா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அம்மா 12 வருஷமா சித்தாள். மண் சலிக்கிறது, கலவை போடுறது, பாண்டு தூக்குறது, டைல்ஸ் எடுத்துக் கொடுக்கிறது எல்லாம் அம்மா. கரணை மட்டும் கைக்கு வந்ததில்லை. எங்க பக்கத்துல பெண்கள் பாட்டி ஆகுற வரைக்கும் சித்தாள்தான். பையன்கள் சித்தாளா வந்தா ரெண்டு மூணு வருஷத்துல கொத்தனார் ஆகிடுறாங்க.

அப்பா கரணையை அம்மாகிட்ட நீட்டினார். "வை, பாக்கலாம்."

பவுடரைத் தண்ணியில கலந்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி கலந்தாங்க அம்மா. அது அவங்களுக்குப் பழக்கம். பல்லு வச்ச கரணையால கோடு கோடா இழுத்தாங்க. கோடு படுத்துட்டா தண்ணி அதிகம், உடைஞ்சா தண்ணி கம்மின்னு எனக்குச் சொன்னாங்க. டைல்ஸை வச்சு, கிளிப் சொருகி, ஆப்பைத் தள்ளினாங்க. நாலாவது டைல்ஸைத் தட்டினப்ப சத்தம் மாறிச்சு. ஆப்பு வச்சு இழுத்தா மேல சரியா நிக்கும், யாருக்கும் தெரியாது. அம்மா அதை அப்படியே தூக்கி, அடியில பசை போட்டு, மறுபடி வச்சாங்க. அப்பா பார்த்துட்டே இருந்தார். ஒண்ணும் சொல்லலை.

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். "சித்தாள் கையில கரணையா? வீட்டுக்காரர் பார்த்தா என்ன சொல்வார்?" என்று சத்தம் போட்டார்.

"நாளைக்கு கிளிப் ஒடைக்கும்போது பாருங்கண்ணே. சரியில்லைன்னா என் கூலியில பிடிச்சுக்கங்க" என்றார் அப்பா. அந்த 24 டைல்ஸோட விலை எங்களுக்குப் பெரிய காசு. அன்னைக்கு ராத்திரி அம்மா சரியாத் தூங்கலை.

மறுநாள் நானும் போனேன். டிக், டிக்னு கிளிப் ஒடிஞ்சது. ஆப்பெல்லாம் பொறுக்கி பெயின்ட் டப்பாவுல போட்டேன். மேஸ்திரி ஒரு ரூபாய்க் காசைத் தரையில படுக்க வச்சு, அம்மா வச்ச வரிசையில விரலால தள்ளிட்டே போனார். ஓரம் தூக்கியிருந்தா காசு தட்டி நிக்கும். எங்கயும் நிக்கலை. அப்புறம் ஒவ்வொரு டைல்ஸா தட்டிச் சத்தம் கேட்டார். பொக்கை இல்லை. "ம்" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை கூலி. அப்பாவுக்கு நாளுக்கு 1,000 ரூபாய். அம்மாவுக்கு எப்பவும் போல 600. "மூணு வரிசை வச்சாங்களேண்ணே" என்று அப்பா கேட்டார். "சித்தாளுக்கு சித்தாள் கூலிதானேப்பா" என்று பதில் வந்தது.

அந்தத் தரையில எது அப்பா வச்சது, எது அம்மா வச்சதுன்னு காசுக்குத் தெரியலை, காலுக்கும் தெரியலை. கூலி நோட்டுக்கு மட்டும் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் அப்பா ஒரு காரியம் செஞ்சார். மேஸ்திரி இல்லாம, ஒரு வீட்டுச் சமையலறையைச் சதுர அடிக் கணக்குல நேரடியாப் பேசி எடுத்தார். சதுர அடிக்கு யார் வச்சாலும் ஒரே காசு. கீழ தரையை அம்மா வச்சாங்க. சுவத்தை அப்பா வச்சார். இப்ப இந்த மாதிரி சின்ன வேலை எப்பவாவது ஒண்ணு வருது. மத்த நாள்ல அம்மா இன்னும் 600 ரூபாய் சித்தாள்தான். ஆனா அம்மா பையில இப்ப ஒரு கரணை இருக்கு. அது அவங்க சொந்தக் கரணை.

நான் யோசிச்சுப் பார்த்தேன். கிளிப் அம்மாவுக்கு வேலை கத்துக் கொடுக்கலை. பசையோட பதமும், பொக்கைச் சத்தமும் அம்மாவுக்கு முன்னாடியே தெரியும். ரப்பர் சுத்தியலால தட்டி மட்டம் பிடிக்கிற ஒண்ணுதான் பழக வாய்ப்பு கிடைக்காம இருந்தது. அந்த ஒரு இடத்தைக் கிளிப் பார்த்துக்கிச்சு. மீதி எல்லாம் அம்மாவோடது. அப்பாவும் இப்ப பிளாஸ்டிக்கைத் திட்டுறதில்லை. "அது மேல மட்டும்தான் பாக்கும், அடியில பாக்க ஆள் வேணும்" என்று சொல்றார். அந்த ஆள் யாருன்னு சொல்லாமலே அம்மாவைப் பார்ப்பார்.

நண்பர்களே, இன்னைக்கு உங்க வீட்டுத் தரையிலோ, நம்ம ஸ்கூல் வராந்தாவிலோ ஒரு ரூபாய்க் காசைத் தள்ளிப் பாருங்க. தட்டாமப் போனா, அதுக்குப் பின்னாடி ஒரு கொத்தனார் மட்டும் இல்லை, கலவை போட்ட ஒரு சித்தாளும் இருக்காங்கன்னு நினைச்சுக்கங்க.

டைல்ஸை மட்டம் தட்டுவோம். ஆளை மட்டம் தட்ட வேண்டாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு