திருச்சுழியில் ஏழு நாட்கள்

ஓய்வு என்றதும் கொடைக்கானலை நினைப்போர் பலர். சென்ற கோடையில் அடியேன் நாடியதோ, அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, கரிசல் மண்ணில் அமைந்த திருச்சுழி. நண்பர் ஒருவரின் பூட்டிக் கிடந்த வீடு, ஓர் அடுப்பு, இரண்டு பாத்திரங்கள். சமையல் என் பொறுப்பு.

காலையில் குண்டாற்றின் வறண்ட மணலில் உலாவுவேன். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் அருகிலேயே உள்ளது. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் இரமண மகரிஷி பிறந்த இல்லம், இன்று 'சுந்தர மந்திரம்' என்று பேணப்படுகிறது. அங்கே அரைமணி நேரம் மௌனமாக அமர்ந்திருந்தேன். வேற்றிடம் என்ற எண்ணமே எழவில்லை.

ஆயினும், எனக்குப் பாடம் கிடைத்தது சமையற்கட்டில்தான். முதல் நாள் அரிசி களைந்த நீரை முற்றத்தில் கொட்டினேன். குடத்தில் நீர் கொணர்ந்து தந்த அண்டை வீட்டு மூதாட்டி பதறினார்: "கழுநீரைக் கீழே ஊத்தாதீக சாமி, மாட்டுக்கு ஆகும்."

வெட்கினேன். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிறர் சமைத்ததை உண்டவனுக்கு, ஒரு குடம் நீரின் அருமை தெரியவில்லை! மறுநாள் முதல் கழுநீரை அம்மூதாட்டியின் தொட்டியில் நானே சேர்த்தேன். மாலையில் ஒரு குவளை மோர் வந்தது.

அன்பர்களே, உணவுக்கு முன் நன்றி கூறுகையில், இப்பொழுது தண்ணீரையும், அதைச் சுமந்து வரும் கைகளையும் சேர்த்தே நினைக்கிறேன்.