பட்டினி கிடந்து வாங்கும் அடி

"அடி வாங்கறதுக்கு எதுக்குடா பட்டினி?" என்று அம்மா கேட்டாள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

போர்ட் பிளேயரில் அபர்தீன் பஜாருக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் அம்மாவின் இட்லிக் கடை. (2024 செப்டம்பரில் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. கடைக்கு வருகிறவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) ஒரு வாரமாக நான் தட்டில் வைத்த நான்கு இட்லியில் இரண்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாக மற்றவர்கள் தட்டைப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவளிடம் இதை மறைக்க முடியாது. யாரையாவது விசாரித்திருக்க வேண்டும். சென்னையில் ஒரு கூண்டுக்குள் இறங்கி முன்பின் தெரியாத ஒருவனோடு நான் சண்டை போடப் போகிறேன் என்பதை அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வயது 29. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறேன். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, உதை எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. பந்தயத்தில் முதல் தடவை இறங்குகிற வயதல்ல இது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. முதல் போட்டியை நடத்தியபோது நான் பிறக்கவே இல்லை. இந்தியாவில் 2012ல் சூப்பர் ஃபைட் லீக் தொடங்கியபோது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். 2024 ஜூனில் உத்தரப் பிரதேசத்துப் பெண் பூஜா தோமர் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனபோதுதான் இதை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். பார்த்த மறுநாளே பயிற்சிக்குப் போனேன் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். நான் போகவில்லை. நான்கு மாதம் தள்ளிப்போட்டேன்.

போனதற்குக் காரணம் வேறு. அதற்குக் கச்சாலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு சில குடும்பங்கள் நிகோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலில் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தன. எங்கள் தாத்தா குடும்பம் அதில் ஒன்று. அப்பா ரப்பர் பால் வெட்டினார். நான் விளையாடியது நிகோபாரிப் பையன்களோடு. அவர்களிடம் கிரிப் என்று ஒரு மல்யுத்தம் உண்டு. இருவரும் கட்டிப் பிடித்து, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வரை அந்தப் பிடியை விடக்கூடாது. காலால் இடறி, உடம்பைத் திருப்பி, எவன் முதுகு மண்ணில் படுகிறதோ அவன் தோற்றான். தேங்காயும் பன்றிக்கறியும் தின்று வளர்ந்த பையன்களிடம் நான் தினமும் தோற்றேன். ஒரே ஒருவனைத்தான் எப்போதாவது விழவைத்திருக்கிறேன். அவன் என் வகுப்பு நண்பன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எட்டு வயது. அப்பா கடற்கரைப் பக்கம் போயிருந்தார். பூமி ஆடியது. கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். நான் செய்ததெல்லாம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டதுதான். அப்பா திரும்பவில்லை. அந்த நண்பனும்தான். நிகோபார் தீவுகளில் மிக மோசமாக அடிபட்டவற்றில் கச்சாலும் ஒன்று. நாங்கள் போர்ட் பிளேயருக்கு வந்துவிட்டோம்.

அதே சுனாமியில் கார் நிகோபாரில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினாள். அவள்தான் பின்னாளில் இந்தியாவுக்காக சைக்கிள் பந்தயங்களில் ஓடிய டெபோரா ஹெரால்ட். அவர் படத்தைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன வெட்கம் வரும். அவர் பிடித்துக்கொண்டது மரத்தை. நான் பிடித்துக்கொண்டது சேலையை. எட்டு வயதுப் பையன் வேறென்ன செய்திருக்க முடியும் என்று யாரும் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டதுதான். ஆனாலும் ஆபத்து நேரில் வந்து நின்றால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்வேனா என்ற சந்தேகம் போகவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

பயிற்சிக்கூடம் என்பது தகரக் கொட்டகை. தரையில் பழைய ரப்பர் பாய், மூலையில் மணல் மூட்டை, நாங்கள் ஆறு பேர். ராணுவத்தில் குத்துச்சண்டை போட்ட ஒருவர்தான் எங்கள் மாஸ்டர். முதல் மூன்று வாரம் எனக்கு அவர் குத்தவே சொல்லித் தரவில்லை. முகத்துக்கு நேரே கையை வீசிக்கொண்டிருப்பார். நான் கண்ணை மூடாமல் நிற்க வேண்டும். மூடினால் பத்து தண்டால். என் பிரச்சினையை நான் சொல்லாமலே அவர் கண்டுபிடித்துவிட்டார். முதல் வாரம் நான் எடுத்த தண்டாலுக்குக் கணக்கில்லை.

அந்தமானில் விடியல் சீக்கிரம். ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம் இருக்கும். மணிக்கூண்டிலிருந்து கார்பின்ஸ் கோவ் வரை ஆறேழு கிலோமீட்டர் ஓட்டம். ஊரே மேடும் பள்ளமும் என்பதால் காலுக்குத் தனியாகப் பயிற்சி தேவையில்லை. மாலையில் கொட்டகை. கட்டிப் பிடிக்கும் கட்டம் வந்தபோதுதான் என் கைகள் தாமாகவே எதிராளியின் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டன. இருபது வருடத்துக்குப் பிறகு அவை கிரிப்பை மறக்கவில்லை. மாஸ்டர் பார்த்துவிட்டு, "இது எங்கே கற்றது?" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். "இதை விட்டுவிடாதே" என்றார்.

விடக் கற்றுக்கொள்ள வேண்டிய இடமும் இருந்தது. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் ஓடுகின்றன. பின்னாலிருந்து முழங்கையை மடக்கி இரண்டையும் அழுத்தினால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். மூச்சு முட்டுவது போலக்கூட இருக்காது. விளக்கு மங்குவது போல இருக்கும். அதற்கு முன் எதிராளியின் உடம்பில் கையால் தட்ட வேண்டும். தட்டினால் தோல்வி. தட்டாவிட்டால் மயக்கம். கிரிப்பில் வளர்ந்தவனுக்குத் தட்டுவது கஷ்டம். இரண்டு தடவை நான் தட்டாமல் மயங்கினேன். மாஸ்டருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "தைரியம் என்று நினைக்கிறாயா? கணக்குத் தெரியாதவன் என்று அர்த்தம்" என்றார்.

அமெச்சூர் போட்டி கேட்பதற்குத்தான் பயங்கரம். மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று. முழங்கையால் அடிக்கக்கூடாது. தலையில் முழங்காலால் இடிக்கக்கூடாது. கையில் உறை, கணுக்காலுக்கு மேல் காப்பு, வாயில் பல் காப்பு. எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்த தாள் கையில் இருக்க வேண்டும். என் அனுபவத்தில் உண்மையான ஆபத்து கூண்டுக்கு வெளியேதான் இருக்கிறது. அது தராசு.

என் எடை 67 கிலோ. 65.8 கிலோ பிரிவில் இறங்கலாம். அதற்குக் கீழே 61.2 கிலோ பிரிவு. "அதில் இறங்கு, எதிராளி சின்னவனாக இருப்பான்" என்று சென்னையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் ஆலோசனை சொன்னார். பல போட்டிகளைப் பார்த்தவர். முதலில் உப்பையும் சோற்றையும் நிறுத்த வேண்டும். கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்தி, பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிக்கொண்டு ஓடி வியர்வையாகவே மூன்று கிலோ இறக்க வேண்டும் என்பது அவர் திட்டம். இட்லி திரும்பிப் போனது அதனால்தான்.

ஒரு நாள் ஒத்திகை பார்க்கலாம் என்று அந்த உடுப்போடு ஓடினேன். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது காற்றில் ஆவியாகும்போதுதான். எங்கள் தீவில் காற்றே ஈரம். அதற்கு மேல் பிளாஸ்டிக்கையும் சுற்றிக்கொண்டால் வியர்வை ஒழுகுமே தவிர, சூடு இறங்காது. மூன்றாவது கிலோமீட்டரில் வியர்ப்பது நின்றது. அது நல்லதற்கு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து நினைவிருப்பது, சாலையோரத்தில் ஒரு ஆட்டோக்காரர் என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

பார்த்த டாக்டர் அதிகம் திட்டவில்லை. ஒரு கதை சொன்னார். 2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த போட்டிக்காக எடை குறைத்த யாங் ஜியான்பிங் என்ற சீன வீரர், கூண்டுக்குள் போகாமலே இறந்துபோனார். வயது 21. அதன்பிறகு, அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் தண்ணீரை வற்றவைத்து எடை குறைப்பதற்கே தடை போட்டது. இன்னொன்றும் டாக்டர் கேட்டார்: "உங்கள் எடையை எப்போது பார்ப்பார்கள்?" போட்டி நாள் காலையில் என்றேன். தொழில்முறை வீரர்களுக்குப் பெரும்பாலும் முதல் நாளே பார்த்துவிடுவார்கள். இழந்த தண்ணீரை ஓரளவு மீட்க அவர்களுக்கு ஒரு நாள் கிடைக்கும். எனக்குக் கிடைப்பது சில மணி நேரம். வறண்ட உடம்போடு தலையில் குத்து வாங்க வேண்டும். யாருக்கோ தைத்த சட்டையை நான் மாட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலைதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். மயங்கி விழுந்தது அவளுக்குத் தெரியாது. சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. சட்டுவத்தைக் கீழே வைத்தாள். "கடல்கிட்டேருந்து ஒன்னை இழுத்துக்கிட்டு வந்தேன். அது என் கையிலே இருந்துச்சு. ஒன் கையிலே இருக்கறத நான் எப்படி இழுக்க?" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. அன்றைக்கு நான் நான்கு இட்லியும் தின்றேன். 65.8 கிலோவில் இறங்குவதாக மாஸ்டரிடம் சொன்னேன். "எதிராளி உயரமாக இருப்பான்" என்றார். "பரவாயில்லை" என்றேன். "நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன், நீயே வரட்டும் என்று காத்திருந்தேன்" என்றார். அதை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். டிக்கெட் விலை எனக்குக் கட்டாது. கப்பலில் பங்க் வகுப்பில் மூன்று நாள். மேல்தளத்தில் ஆடுகிற தரையில் நிழல் குத்துப் பழகினேன். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்தன. இரவில் தூக்கம் வராதபோது கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் கப்பலில் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

எடை 65.4. எதிராளி என்னைவிட நான்கு அங்குலமாவது உயரம். மணி அடித்ததும் முதல் குத்து என் மூக்கில் விழுந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் குத்து வருவதையே பார்த்தேன். முதல் சுற்றில் அவனைக் கட்டிப் பிடித்து, கைகளைக் கோர்த்து, காலை இடறி முதுகில் போட்டேன். கச்சாலில் அதோடு ஆட்டம் முடிந்திருக்கும். இங்கே முடியவில்லை. இரண்டாவது சுற்றில் அவன் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டான். முழங்கை கழுத்தைச் சுற்றியது. விளக்கு மங்கத் தொடங்கியது. எண்ணினேன். தட்டினேன்.

இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"விழுந்தியா?"

"விழுந்தேன்."

"எழுந்துட்டியா?"

"எழுந்துட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வரும்போது கிரைண்டருக்கு பெல்ட் வாங்கிட்டு வா. இங்க ரெண்டு மடங்கு வெல சொல்றான்" என்றாள்.