இரண்டு வருடம் தாமதமாகப் போன விண்ணப்பம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் தன் சொந்தக் காசில் 'தி இந்து' வாங்குவார். மற்ற நாட்களில் தலைப்புச் செய்தியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். புதன்கிழமை மட்டும் போட்டி. அன்றுதான் வேலைவாய்ப்பு விளம்பரங்கள் தனி இணைப்பாக வரும். இத்தனைக்கும் ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரும் அரசு வேலையில் இருந்தவர்கள். ஒருவரும் வேலை தேடவில்லை. ஆனாலும் எந்தக் கம்பெனி, என்ன படிப்பு கேட்கிறான், எவ்வளவு சம்பளம் என்று பார்ப்பதில் ஓர் ஆசை. நானும்தான்.

இதே காட்சியை 1980களின் கடைசியில் டெல்லியில் ஓர் இளைஞர் பார்த்திருக்கிறார். சஞ்சீவ் பிக்சந்தானி. நௌக்ரி டாட் காம் என்ற வேலைவாய்ப்பு இணையதளத்தைத் தொடங்கியவர். ஹார்லிக்ஸ் தயாரித்த கம்பெனியில் அப்போது வேலை. அலுவலகத்துக்கு 'பிசினஸ் இந்தியா' இதழ் வந்தால் உடன் வேலை பார்ப்பவர்கள் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுவார்களாம், வேலை விளம்பரங்கள் அங்கே இருந்ததால். வேலையில் இருப்பவனும் வேலை விளம்பரம் படிக்கிறான் என்பதை அவர் மனதில் குறித்து வைத்துக்கொண்டார். நாங்கள் படித்துவிட்டு மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டோம்!

1990ல் அவர் வேலையை விட்டார். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. அப்பா வீட்டில் கார் ஷெட்டுக்கு மேலே வேலையாட்களுக்காகக் கட்டிய அறைதான் அலுவலகம். சம்பளக் கணக்கெடுப்பு அறிக்கைகள் தயாரித்து விற்றார். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. மறு வருடம் டெல்லியில் நடந்த கணினிக் கண்காட்சி ஒன்றில்தான் பிக்சந்தானி முதன்முதலாக இணையத்தைப் பார்த்தார். இணையதளம் தொடங்க வேண்டும் என்றால் சர்வர் வேண்டும், அது அமெரிக்காவில் இருக்கிறது என்றார்கள். அங்கே பேராசிரியராக இருந்த அண்ணனிடம் சொல்லி மாதம் 25 டாலருக்கு ஒரு சர்வர் வாடகைக்குப் பிடித்தார். காசுக்குப் பதில் அண்ணனுக்குக் கம்பெனியில் பங்கு. நிரல் எழுதிய நண்பருக்கும் பங்குதான். பழைய செய்தித்தாள்களில் இருந்த வேலை விளம்பரங்களை ஆள் வைத்துத் தட்டச்சு செய்து, சுமார் ஆயிரம் வேலைகளோடு 1997ல் தளத்தைத் திறந்தார்கள். நாம் எடைக்குப் போடுகிற பேப்பர்தான் மூலதனம் என்று சொல்ல வேண்டும்.

இனி என் கதை.

2000ம் வருடம் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். "சார், பிரௌசிங் சென்டர்ல போய் பயோடேட்டாவை கம்ப்யூட்டர்ல போட்டா கம்பெனிக்காரங்களே கூப்பிடுவாங்களாம். இங்கிலீஷ்ல எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டான்.

நான் எழுதித் தரவில்லை. "முகம் தெரியாதவனிடம் உன் விவரத்தை எல்லாம் கொடுக்காதே. மணிக்கு நாற்பது ரூபாய் கொடுத்து ஏமாறாதே. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருக்கிறாய் அல்லவா, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பி. கார்டு வரும்" என்றேன். எனக்கு அப்படித்தான் கார்டு வந்தது. அதனால் எல்லோருக்கும் வரும் என்று நினைத்தேன். இணையம் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று அவனிடம் சொல்லவில்லை. அதுதான் தப்பு.

வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவன் நம்பிவிட்டான். இரண்டு வருடம் அப்பா கடையில் பஞ்சர் ஒட்டினான். கார்டு வரவில்லை. பிறகு ஒரு நண்பன் பிரௌசிங் சென்டருக்கு அழைத்துப் போய் மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, பயோடேட்டாவை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். வாரம் ஒருமுறைதான் போய்ப் பார்க்கக் காசு இருக்கும். அப்படிப் போன ஒரு நாளில், மறுநாள் காலை சென்னையில் நேர்முகத் தேர்வு என்று கடிதம் வந்திருந்தது. இரவு பஸ் பிடித்துப் போனான். வேலை கிடைத்தது.

முதல் சம்பளத்தில் எனக்கு வேட்டி எடுத்துக்கொண்டு வந்தான். நடந்ததை எல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னான். என் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேட்டியை வாங்கிக்கொள்ளக் கை கூசியது எனக்குத்தான்.

பிக்சந்தானியின் கம்பெனிக்கு 2000ல் ஐசிஐசிஐ முதலீட்டு நிதியிலிருந்து ஏழு கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு வந்தது. அந்த வருடமே உலகம் முழுக்க டாட் காம் கம்பெனிகள் சரிந்தன. அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 2006ல் பங்குச் சந்தைக்கும் போனார்கள். ஆனால் பேட்டிகளில் அவர் கதையைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது கோடிகள் அல்ல. அந்தப் பையனின் இரண்டு வருடம்தான்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். பிள்ளைகள் நமக்குத் தெரியாத ஒன்றைக் கொண்டு வந்தால், "வேண்டாம்" என்று சொல்லும் முன் "எங்கே, காட்டு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். கூடப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று: வேலை தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்டால் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

உங்கள் முதல் வேலை எப்படிக் கிடைத்தது? கார்டா, பேப்பரா, கம்ப்யூட்டரா? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.