ஏணியில் நின்ற ஓவியர்

நான் போனபோது அவர் ஏணிமேல் நின்றிருந்தார். கையில் தூரிகை இல்லை. தூக்குக் குண்டும் ரசமட்டமும் இருந்தன. "படத்தோட நடு பாக்கிறவங்க கண்ணுக்கு நேரா வரணும் தம்பி. தரையிலேர்ந்து கிட்டத்தட்ட அஞ்சடி. ஒரு விரற்கடை ஏறினாலும் படம் நம்மள விட்டு விலகிப்போற மாதிரி இருக்கும்" என்றார்.

ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீடு. முன்னறைதான் காட்சிக்கூடம், பின்னறையில் வரைகிறார். வாடகைக்கு இடம் பிடிக்க முடியாத இளைஞர்களின் படங்களை மாட்டி வைக்கிறார். நகரத்துக் கூடங்களில் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதியே கழிந்துவிடும். இவர் கரண்டு பில்லுக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

ஓவியரின் நாளை இந்தச் சுவர் இவ்வளவு தின்னும் என்று நான் எண்ணியதில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்றில் ஆணி துருப்பிடித்து, துரு கேன்வாஸில் இறங்கிவிடும். ஐப்பசி பிறந்தால் பூஞ்சை. ஒரு படத்தைக் கழற்றி முதுகைக் காட்டினார். சட்டத்தின் நான்கு மூலையிலும் பெருவிரல் கனத்துக்கு மரத்துண்டுகள். படம் சுவரில் ஒட்டாமல் பின்னால் காற்று ஓட வேண்டும் என்பதற்காக அவரே இழைத்து ஒட்டியவை. வாரம் ஒரு முறை எல்லாப் படங்களையும் இப்படிக் கழற்றி, திருப்பி, துடைக்கிறார்.

"வரையற நேரம் போகுதேன்னு வருத்தமா இல்லையா சார்?"

பதிலுக்கு அலமாரியிலிருந்து ஒரு பழைய பாத்திக் துணியை எடுத்து விரித்தார். கிராமத்து மூத்த கலைஞர்களிடம் அவர் கற்ற தொழில். தேன்மெழுகும் பாரபினும் கலந்து காய்ச்சி, வெள்ளை நிற்க வேண்டிய இடத்தில் மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்க வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர்ந்தது கடைசியில். சூடு போதாவிட்டால் மெழுகு துணியின் மேலேயே படிந்துவிடும், அடியில் சாயம் புகுந்துவிடும். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் துணியைத் திருப்பி, மெழுகு மறுபக்கம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். கடைசியில் கொதிநீரில் போட்டால் மெழுகு விலகும். மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் புகுந்து நரம்புபோல் ஓடியிருந்தது. பாரபின் கூடினால் அந்த நரம்புகளும் கூடும் என்றார்.

சோழமண்டலம் எழுந்ததே இப்படிப்பட்ட துணிகளை விற்ற காசில்தான். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரே கவலை: படித்து முடிக்கிற பிள்ளைகள் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள். அதனால் அவரும் மாணவர்களும் ஓய்வு நேரத்தில் கைவினைப் பொருள் செய்து விற்று, சேர்ந்த பணத்தில் இந்த மணல்வெளியில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் கிராமம் பிறந்தது. தொடக்கத்தில் குடிசைகளில் இருந்துகொண்டு வரைந்தவர்கள் அவர்கள். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்குச் சற்றும் குறையாத கற்பனை, ஓவியனுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று அவர் யோசித்ததில் இருக்கிறது என்பேன். படத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற நாம், வரைந்தவர் இந்த மாதம் எப்படிச் சமாளித்தார் என்று கேட்பதே இல்லை.

நான்கு மணிக்குத்தான் பின்னறைக்குப் போனோம். பாதி முடிந்த படம் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது: இருட்டில் கட்டுமரம், மேலே வலைபோல் பின்னிய கோடுகள். காலையில் பிழிந்து வைத்த அக்ரிலிக் தட்டில் காய்ந்து தோல் கட்டியிருந்தது. நகத்தால் உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக நீலம் பிழிந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று கோடு இழுத்திருப்பார்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்தார்.