வாத்து விருந்தும் திராட்சை இரசமும்

திருப்பலிக்குரிய திராட்சை இரசத்தைப் பற்றித் திருச்சபைச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. அது திராட்சைக் கனியினின்று இயற்கையாய்ப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 924ஆம் விதி. உணவு மேசையில் வாத்துக்கறியோடு எந்த இரசத்தைப் பரிமாறுவது என்பதற்கோ உரோமை விதி ஏதும் வகுக்கவில்லை. பிரெஞ்சு மக்கள் அதனை ஞானோபதேசப் பாடம்போல் மனப்பாடமாய் வைத்திருக்கிறார்கள்!

நாம் அந்நாட்டில் பயின்ற காலத்தில், கோடை விடுமுறைகளில் தென்மேற்கே கஸ்கோனி நாட்டின் ஜேர்ஸ் பகுதியில் சிற்றூர்ப் பங்குகளுக்கு உதவியாகச் சென்றதுண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் யாரேனும் ஒரு விவசாயி வீட்டில் விருந்து. விருந்தென்றால் வாத்து. தொடைக்கறியை உப்பிட்டு ஓர் இரவு வைத்து, வாத்தின் கொழுப்பிலேயே மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவிட்டு, அக்கொழுப்பிலேயே அமிழ்த்தி மாதக்கணக்கில் வைத்திருப்பர். ‘கோன்ஃபி’ என்பது அதன் பெயர். குளிர்சாதனப் பெட்டி இல்லாத நாளில் இறைச்சியைச் சேமித்த வழி அது. நெஞ்சுக்கறியையோ மாட்டிறைச்சித் துண்டுபோலச் சுட்டு, நடுவே சிவப்பு மாறாமல் பரிமாறுவர். இவ்வழக்கத்தைப் பரப்பியவர் ஓஷ் நகரத்துச் சமையற்கலைஞர் ஆந்த்ரே தாகேன். அச்சிவப்பைக் கண்டு முதல்நாள் நம் கை சற்றே தயங்கிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

வாத்தின் இறைச்சி கோழியினுடையதைப்போல் வெளிறியதன்று, சிவந்து அழுத்தமானது. தோலுக்கடியில் தடித்த கொழுப்பு. இரண்டு கவளம் உண்டதும் நாவில் நெய்ப்பசை படிந்துவிடும். அதனை நீக்க இரசத்தில் புளிப்போ துவர்ப்போ வேண்டும். நம் ஊரில் கறிவிருந்து உண்டவர் வெற்றிலை பாக்கை நாடுவது எதற்காக? பாக்கின் துவர்ப்பு வாயைத் துப்புரவாக்குகிறது. கருந்திராட்சையின் தோலிலும் விதையிலும் அதே இனத்துத் துவர்ப்புப் பொருள் உண்டு, டானின் என்பர். கஸ்கோனியின் மதிரான் இரசம் ‘தனா’ என்னும் திராட்சையினின்று வருவது. பிரான்சின் துவர்ப்பு மிக்க இரசங்களுள் அது ஒன்று. ஓரிரண்டு ஆண்டே ஆன புட்டியைத் திறந்து தனியே பருகினால் முகம் சுளிக்கும். கோன்ஃபியோடு பருகும்போதோ ஒன்றின் முரட்டுத்தனத்தை மற்றது அடக்கிவிடும்.

எளிமையாக வாட்டிய வாத்துக்கு அவ்வளவு வல்லமை வேண்டியதில்லை. பர்கண்டி நாட்டின் ‘பினோ நுவார்’ போதும். அதில் துவர்ப்புக் குறைவு, புளிப்பு இதமானது. அந்நாட்டின் புகழ்பெற்ற வூஜோத் தோட்டத்தை உருவாக்கியவர்கள் 1098இல் நிறுவப்பெற்ற சித்தோ மடத்துத் துறவியர் என்பதை வாசகர் அறிந்து மகிழலாம். ஆரஞ்சுச் சாறு சேர்த்துச் சமைக்கும் வாத்து வேறு கதை. அக்குழம்பின் இனிப்புக்கு முன் இனிப்பற்ற சிவப்பு இரசம் வெறும் புளிப்பாய்த் தோன்றும். சற்றே இனிப்புள்ள வெள்ளை இரசமே அதற்குப் பொருந்தும்.

இவற்றையெல்லாம் சென்ற ஆண்டு ஒரு பெண்ணுக்குத் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தோம். நம் பங்கில் பிறந்து, பாரிசில் ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்து வாழ்பவள். தன் மாமனார் மாமியாரையும், ஊரிலிருந்து முதன்முறையாக வரவிருந்த பெற்றோரையும் ஒரே மேசையில் அமர்த்தி வாத்து சமைக்க எண்ணியிருந்தாள். (அக்குடும்பத்தாரின் இசைவோடுதான் இதை எழுதுகிறோம்.) நாம் பேசி முடித்தபின் மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, “சுவாமி, அப்பா குடியை விட்டு நாலு வருஷமாகிறது” என்றாள்.

அந்த நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய பத்து ஆண்டுகளை நாம் அறிவோம். விற்கப்பட்ட நகைகளை அறிவோம். விடியற்காலைத் திருப்பலியில் அவ்வீட்டுத் தாய் கடைசி வரிசையில், எவர் முகத்தையும் பாராமல் அமர்ந்திருந்ததை அறிவோம். இப்போது அம்மனிதர் அயல்நாட்டில், மொழி தெரியாத சம்பந்தியின் எதிரே அமரப்போகிறார். சம்பந்தி அன்போடுதான் கிண்ணத்தை நிரப்புவார். மறுத்தால் மகளுக்கு இழுக்காகுமோ என்று அஞ்சி இவர் ஒரு வாய் பருகக்கூடும். ஆபத்து அந்த மரியாதையில்தான் இருந்தது. சீராக் நூலின் 31ஆம் அதிகாரம் இரசம் தரும் மகிழ்வையும் அது செய்யும் கேட்டையும் அடுத்தடுத்துப் பேசுவது காரணமின்றியா?

ஜேர்சில் நமக்கு விருந்தளித்த முதிய விவசாயி ஒருவர் தம் தோட்டத்துத் திராட்சைச் சாற்றில் ஒரு பகுதியைப் புளிக்குமுன்னரே சூடாக்கிப் புட்டிகளில் அடைத்து வைத்திருப்பார். அவர் வீட்டு வேலையாட்களுள் ஒருவர் மதுவைத் தொடாதவர். அவருக்கும் சிறுவர்க்கும் அச்சாறு, மற்றவர்க்கு மதிரான். கிண்ணங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். யார் எதைப் பருகுகிறார் என்று எவரும் கேட்டதில்லை. பீடத்திலும் இவ்வகை இரக்கத்துக்கு இடமுண்டு. குடிநோயுற்ற குரு ஒருவர், ஆயரின் அனுமதியோடு, புளிப்பு நிறுத்தப்பட்ட திராட்சைச் சாறாகிய ‘முஸ்தும்’ கொண்டு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்பதை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003 ஜூலை 24ஆம் நாளிட்ட சுற்றுமடலில் தெளிவுபடுத்தியுள்ளது.

ஆகவே அப்பெண்ணிடம், தந்தைக்காக நீயே முடிவெடுக்காதே, அவரையே கேள் என்றோம். விட்ட முதல் ஆண்டாயிருந்தால் புட்டியே வேண்டாம் என்றிருப்போம். நான்காம் ஆண்டில் அவருடைய சொல்லுக்கு மதிப்புத் தர வேண்டும். சம்பந்திகளுக்கு உன் கணவர் முன்கூட்டியே ஒரே வரியில் சொல்லிவிடட்டும், மேசையில் விளக்கம் வேண்டாம் என்றோம். குழம்பிலும் இரசமோ பிராந்தியோ ஊற்றலாகாது. கொதித்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்பார்கள். அது சரியன்று, சிறு கொதியில் கணிசமான பங்கு தங்கிவிடும். தந்தைக்குப் பால் சேர்க்காத தேநீரை ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுக்கச் சொன்னோம். தேயிலையிலும் டானின் உண்டு. வாத்தின் கொழுப்புக்கு அதுவும் பொருத்தமானதே.

மறுநாள் தந்தை சொன்ன பதிலை அவள் நமக்குத் தெரிவித்தாள். “அவர்கள் வழக்கம்போல் குடிக்கட்டும். என் முன்னால் மட்டும் ஒயின் கிண்ணம் வைக்காதே” என்றாராம். வாத்தை எளிமையாக வாட்டப்போவதாகச் சொன்னாள். பினோ நுவாரே வாங்கச் சொன்னோம். பருகுவோர் நால்வர், புட்டி ஒன்றுதான் என்பதில் மட்டும் நாம் கண்டிப்பாயிருந்தோம். விருந்து முடிந்தபின் மீதி என்று எதுவும் இரவெல்லாம் அவ்வீட்டு அலமாரியில் இருத்தலாகாது.