பணம் அனுப்ப வேண்டாம், தம்பி

மணமேல்குடி,
8-10-2025.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நம் அத்தை என்னோடுதான் இருக்கிறார். மூட்டு வலியைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. அங்கே சிங்கப்பூரில் உனக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? இராத்திரி வேலை மாறிவிட்டதா? அடுத்த முறை பேசும்போது சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஏன்க்கா அத்தையை ஆபீஸ் ஆபீஸா அலைய விடுறே? மாசம் ரெண்டாயிரம் நான் போடுறேன். அந்த முதியோர் பென்ஷன் மனுவை விட்டுத் தள்ளு" என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அதனால் அப்போது பதில் பேசவில்லை. இப்போது விவரமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மாமா கொரோனா இரண்டாம் அலையில் போனபின், தன் ஊரில் கருவாட்டுக்கு மீன் கீறிப்போட்டுத்தான் அத்தை வயிற்றைக் கழுவினார். கை ஓடுகிற வரைக்கும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இடுப்பு வளைய மாட்டேன் என்று ஆனபிறகுதான் முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டோம். போன வருஷம் பங்குனியில் இ-சேவை மையத்தில் பதிந்தது. கைரேகை வைக்கச் சொன்னார்கள், விழவே இல்லை. உப்பிலும் கத்தியிலும் தேய்ந்த விரல்கள் அவை. துடைத்து, எண்ணெய் தடவி, திரும்பத் துடைத்து, கடைசியில் இடது கை மோதிர விரலில்தான் பிடித்தது. அந்த ஒப்புகைச் சீட்டை அத்தை நாலாக மடித்து, சுருக்குப்பைக்குள் மாமாவின் போட்டோவோடு வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. நம்பரைப் போட்டுப் பார்த்தால் "பரிசீலனையில்" என்றே வரும். பொங்கல் கழித்து ஒருநாள் பார்த்தபோது நிராகரித்திருந்தார்கள். காரணம், "ஆதரிக்க உறவினர் உள்ளார்". யார் அந்த உறவினர் தெரியுமா? மாமாவின் தம்பி மகன். சின்ன வயதில் அத்தை வீட்டில் இருந்து படித்தானே, அப்போது குடும்ப அட்டையில் சேர்த்த பெயர். அவன் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்து, கல்யாணமும் முடித்து, குடித்தனம் தனியாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. பெயர் மட்டும் அட்டையிலேயே கிடக்கிறது. நேரில் வந்து நாலு வீட்டில் விசாரித்திருந்தால் அரை மணி நேரத்தில் விளங்கியிருக்கும்.

சரி என்று மாசியில் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு கொடுத்தோம். இப்போது புரட்டாசி. அந்த மனு போன வழியை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அறிக்கை கேட்டு, நிராகரித்த அதே தனி வட்டாட்சியருக்கு அனுப்புகிறார்கள். அவர் வருவாய் ஆய்வாளரைக் கேட்கிறார். ஆய்வாளர் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கிறார். "உறவினர் உள்ளார்" என்று முதலில் எழுதினாரே, அதே கைக்குத்தான் காகிதம் திரும்பிப் போய்ச் சேருகிறது. மேலே முறையிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காகிதம் கீழேதான் போயிருக்கிறது. எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கலாம் என்று கேட்டால், பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

திங்கட்கிழமை மனுநாளுக்கு ஆட்சியர் அலுவலகமும் போனோம். வாசலில் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார்த்தார்கள். அத்தையின் தண்ணீர் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார் ஒரு பெண் போலீஸ். எதற்கு என்று அத்தைக்குப் புரியவில்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்ததே, மனு மேல் மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்றார்களே, அதிலிருந்து இந்தச் சோதனை கெடுபிடியாகிவிட்டது. அந்தப் பெண் போலீஸ் நல்ல மாதிரி. "மன்னிச்சுக்குங்க பாட்டி" என்று பாட்டிலை மூடிக் கையில் கொடுத்து, நிழலில் ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். நான் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஊன்றுகோலோடு, பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, எத்தனை பேர்! மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஆள் போட்ட அரசாங்கம், மனு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பார்க்கவும் ஒரு ஆள் போட்டிருக்கலாம். அங்கே வாங்கிய மனுவும் "உரிய நடவடிக்கைக்காக" என்ற முத்திரையோடு அதே வட்டாட்சியருக்குத்தான் போனது.

அன்றைக்கு வரிசையில் பக்கத்தில் இருந்த அம்மா அத்தையிடம் சொன்ன ஒரு விஷயம்தான் அத்தையை ரொம்பப் பாதித்துவிட்டது. தகுதி இருந்தாலும் உடனே கிடைக்காதாம். எண்ணிக்கை இவ்வளவு என்று உச்சவரம்பு இருக்கிறதாம். ஏற்கெனவே வாங்குகிற ஒருவர் இறந்தால்தான் அடுத்தவருக்கு இடமாம். பஸ்ஸில் திரும்பும்போது அத்தை வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "ஏத்தா, ஒருத்தி செத்தாத்தான் எனக்கு வருமாமே? யாரு சாவுக்கும் நான் காத்துக் கெடக்க மாட்டேன்த்தா" என்றார். என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா சொன்னது முழுக்கப் பொய்யில்லை. டெல்லியில் இருக்கிற மத்திய அரசு இந்தத் திட்டத்துக்கு எத்தனை பேருக்குப் பணம் தருவது என்பதை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே இன்னும் கணக்கிடுகிறது. அதற்கப்புறம் எத்தனை பேர் அறுபதைத் தாண்டிவிட்டார்கள்! தொகையும் அப்படித்தான். மாதம் 200 ரூபாய் என்று 2006இல் நிர்ணயித்தது, எண்பது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு இன்றைக்கும் அதே 200. மீதியைத் தமிழ்நாடு அரசுதான் போடுகிறது. 2011இல் 1000 ஆக்கி, 2023 ஆகஸ்டிலிருந்து 1200 ஆக்கினார்கள். டெல்லிக்கு முன்னோடியே நாம்தான். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1962 ஏப்ரல் 1ஆம் தேதி, மாதம் 20 ரூபாய் என்று இங்கே தொடங்கியது. மத்திய அரசு அதற்கு முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 1995இல்தான் தொடங்கியது. அப்படிப்பட்ட மாநிலத்தில், வாசலில் நிற்கிற கிழவிக்கு இத்தனை நாளுக்குள் பதில் சொல்வோம் என்று சட்டப்படி ஒரு கெடு இல்லை. இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் கெடு உண்டு. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், முதியோர் உதவித்தொகையை ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. இன்னும் வாங்கத் தொடங்காதவர்களுக்குத்தான் அப்படிக் கட்டாயமான தேதி கிடையாது. ஆணை எப்போது வருகிறதோ அப்போதிலிருந்துதான் பணம். மனு போட்ட தேதியிலிருந்து நிலுவை சேர்த்துத் தரமாட்டார்கள். தாமதம் அலுவலகத்தினுடையது, நஷ்டம் அத்தையினுடையது. வருஷத்துக்கு 14,400 ரூபாய். காத்திருக்கும்போதே கண்ணை மூடிவிட்டால், அதோடு கணக்கு முடிந்தது.

முடியாத காரியம் என்று நினைக்காதே. மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியபோது, விடுபட்டவர்கள் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், கோட்டாட்சியர் முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். நவம்பர் 10ஆம் தேதியே புதிதாக 7.35 லட்சம் பெண்களைச் சேர்த்தார்கள். இந்த வருஷம் "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்களில் 45 நாளில் தீர்வு என்றார்கள். அதே வருவாய்த் துறை, அதே ஆட்கள். கெடு வைத்தால் காகிதம் நகருகிறது. ஆனால் திட்டத்துக்குத் திட்டம், முகாமுக்கு முகாம் வைக்கிற கெடு போதாது, சட்டமாக வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010இலேயே பொதுச் சேவைகளுக்குச் சட்டம் போட்டு, தாமதிக்கும் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 வரை அபராதம் வைத்தது. பீகார், கர்நாடகம், கேரளம் எல்லாம் போட்டுவிட்டன. நம் மாநிலத்தில் இன்னும் இல்லை.

இப்போது உன் ரெண்டாயிரத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டு ஆச்சியை உனக்கு நினைவிருக்கும். பேங்க் பொண்ணு மாதாமாதம் மெஷினைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கே வந்து பென்ஷன் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆச்சி நோட்டை இரண்டு தரம் எண்ணுவார். முதலில் மாத்திரைக்கு, அப்புறம் வெற்றிலைபாக்குக்கு, பேரனுக்கு பத்து ரூபாய். மீதியை மருமகளிடம், "இந்தா, காய் வாங்க வச்சுக்க" என்று கொடுப்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடிவதால் அந்த வீட்டில் ஆச்சி இருக்கிற இருப்பே வேறு. அதை அத்தை தினமும் பார்க்கிறார். என் வீட்டில் ஒரு டீ போட்டுக் குடிக்கவும் "போட்டுக்கவாத்தா" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைத் தொடுகிறார். நம்மை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்! நீ அனுப்புவதைக் கையில் வாங்கும்போதும் அப்படித்தான் கூசிக்கொண்டு வாங்குவார். நீ கொடுப்பது கூடப்பிறந்த தம்பியின் மகன் கொடுப்பது. நீ வேலையில் இருக்கும் வரைக்கும் வரும். அரசாங்கம் கொடுப்பது, அறுபது வயது வரை உழைத்து ஓய்ந்தவளுக்கு இந்த நாடு கொடுக்க வேண்டியது. இரண்டையும் ஒன்றாக்காதே. நாம் விலகிக்கொண்டால் "மனுதாரர் வரவில்லை" என்று கோப்பை மூடிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு வேலை குறையும். சிங்கப்பூரில் தம்பி இல்லாத கிழவிகள் அங்கேயே நிற்பார்கள்.

புரோக்கர் ஒருத்தரிடம் ஐயாயிரம் கொடுத்தால் முடித்துத் தருவார் என்று உன் சிநேகிதன் சொன்னானாமே, அதுவும் வேண்டாம். அத்தைக்குத் தெரிந்தால் சாப்பிட மாட்டார்.

உன்னால் ஆக வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. திருப்பூர்க்காரன் என் போனை எடுப்பதில்லை. பென்ஷனுக்கு மனு போட்டதால் தன்னைக் குற்றம் சொல்கிறோம் என்று நினைக்கிறான் போல. உன்னோடு படித்தவன், நீ பேசினால் கேட்பான். அவன் பெயரை அத்தையின் குடும்ப அட்டையிலிருந்து நீக்கித் தனி அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல். அது ஆன்லைனிலேயே முடியும். அவன் மேல் யாருக்கும் வருத்தம் இல்லை என்று அத்தையே சொல்லச் சொன்னார், அதையும் மறக்காமல் சொல். பெயர் நீங்கியதும் அந்த நகலை மேல்முறையீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். கூடவே, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் மேல்முறையீடு எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, இன்று யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகள் மட்டும்தான். அதற்கு முப்பது நாளுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். நாளை தபாலில் சேர்க்கிறேன்.

தீபாவளிக்கு அத்தைக்குப் பணம் அனுப்ப ஆசைப்பட்டால் ஒரு நல்ல நூல் சேலைக்கு அனுப்பு, நான் அறந்தாங்கியில் எடுத்துக் கொடுக்கிறேன். திருப்பூருக்கு இந்த வாரமே பேசிவிட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா.